வீ ரிமோட்டை வைத்து ஸ்மார்ட் போர்டு: இன்றைக்கும் செய்யலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "பள்ளியில் ஒரு ப்ரொஜெக்டரும் பழைய லேப்டாப்பும் இருக்கின்றன. ஸ்மார்ட் போர்டு வாங்கப் பணம் இல்லை. நின்டெண்டோ வீ விளையாட்டுக்கு வரும் ரிமோட்டை வைத்துச் சுவரையே எழுதும் பலகையாக ஆக்கலாம் என்கிறார்களே, அது நிஜமா? இப்போதும் செய்ய முடியுமா?"

நிஜம்தான், இப்போதும் முடியும். ஆனால் 2008 வாக்கில் இதைச் செய்தவர்களுக்கும் இன்று செய்யப்போகிற உங்களுக்கும் நடுவில் சில விஷயங்கள் மாறிவிட்டன, அதையும் சேர்த்தே சொல்கிறேன். நான் இதை மூன்று தடவை கட்டியவன். முதல் தடவை முழுச் சொதப்பல். இரண்டாவது தடவை ஓடியது, ஆனால் என்னைத் தவிர யாரும் அதைத் தொடவில்லை. மூன்றாவதுதான் உருப்படியாக இரண்டு வருடம் ஒரு வகுப்பறையில் இருந்தது. மூன்றுக்கும் ரிமோட் ஒன்றே, மென்பொருளும் கிட்டத்தட்ட ஒன்றே. மாறியது இரண்டு விஷயம்தான்: பேனா, அப்புறம் ரிமோட்டை மாட்டிய இடம். இதில் தோற்றுப்போனவர்கள் பலரும் ப்ளூடூத்தைத் திட்டுவார்கள், ஆனால் கொஞ்சம் விசாரித்தால் கோளாறு பேனாவிலோ ஆணி அடித்த இடத்திலோதான் இருக்கும். அதனால் அந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

யோசனை யாருடையது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜானி சங் லீ. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்தவர். 2007 டிசம்பரில் யூட்யூபில் ஒரு வீடியோ போட்டார், கூடவே தான் எழுதிய சின்ன நிரலையும் இலவசமாகக் கொடுத்துவிட்டார். அப்போது அந்த ரிமோட்டின் விலை 40 டாலர். நிஜ ஸ்மார்ட் போர்டு ஆயிரம் டாலருக்கு மேல். 2008-ல் டெட் (TED) என்ற புகழ்பெற்ற உரை மேடையில் சில நிமிடம் செய்து காட்டினார், அதற்கப்புறம் உலகம் முழுக்க ஆசிரியர்கள் சால்டரிங் அயர்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மனிதர் பிறகு மைக்ரோசாஃப்டுக்குப் போய், உடல் அசைவைப் பார்த்து விளையாட்டை ஓட்டும் கினெக்ட் கேமராவின் குழுவில் வேலை பார்த்தார், அங்கிருந்து கூகுளுக்குப் போனார். அதே ரிமோட்டை இன்னொரு விதமாகப் பயன்படுத்தி, நம் தலை அசைவதற்கேற்பத் திரையில் காட்சி மாறுகிற மாதிரி இன்னொரு வீடியோவும் போட்டிருந்தார். பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள், இப்போது பார்த்தாலும் அசந்துபோவீர்கள்.

சரி, சங்கதி என்ன என்றால், வீ ரிமோட்டின் மூக்கில் ஒரு கருப்புக் கண்ணாடித் துண்டு இருக்கும், அதற்குப் பின்னால் ஒரு அகச்சிவப்பு (இன்ஃப்ராரெட்) கேமரா, அதாவது நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை வெளிச்சத்தைப் பார்க்கும் கேமரா. விளையாடும்போது டிவிக்கு மேலேயோ கீழேயோ ஒரு குச்சியை வைப்பார்கள், அதற்கு "சென்ஸார் பார்" என்று பெயர். அதில் சென்ஸார் என்று ஒன்றும் கிடையாது. இரண்டு முனையிலும் சில அகச்சிவப்பு எல்.ஈ.டி. விளக்குகள், அவ்வளவுதான். ரிமோட் அந்த இரண்டு வெளிச்சப் புள்ளிகளைப் பார்த்து, தான் எங்கே நீட்டப்படுகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். அந்தக் குச்சி தொலைந்துபோனவர்கள் டிவிக்கு முன்னால் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து விளையாடியிருக்கிறார்கள், அதுவும் வேலை செய்தது, சுடரிலும் அகச்சிவப்பு உண்டு இல்லையா. விளையாட்டில் விளக்கு அசையாது, கேமரா அசையும். லீ இதை மாற்றிப் போட்டார்: கேமராவை ஒரு இடத்தில் அசையாமல் வை, விளக்கைக் கையில் எடுத்துக்கொள். பேனா முனையில் ஒரு அகச்சிவப்பு விளக்கு எரிந்தால் கேமராவுக்கு அது ஒரு புள்ளி. புள்ளி போகும் இடமெல்லாம் மவுஸும் போகும்.

இது ஏன் சாதாரண வெப்கேமரா வேலையை விட மேலானது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் "என்னிடம் வெப்கேம் இருக்கிறதே, அது போதாதா" என்றுதான் அடுத்துக் கேட்பீர்கள். அந்தக் கேமராவைச் செய்தது தைவானின் பிக்ஸ்ஆர்ட் நிறுவனம். அது படத்தை அனுப்புவதே இல்லை. படத்தில் எங்கே பளிச்சென்று புள்ளி இருக்கிறது என்பதைச் சிப்புக்குள்ளேயே கண்டுபிடித்து, அதன் இடத்தை மட்டும் எண்ணாக அனுப்புகிறது, குறுக்கே 0 முதல் 1023 வரை, நெடுக்கே 0 முதல் 767 வரை. நான்கு புள்ளிகள் வரை ஒரே நேரத்தில் பார்க்கும், நொடிக்கு 100 தடவை சொல்லும். உள்ளே இருக்கும் உண்மையான சென்ஸார் வெறும் 128 × 96 தான், ஒவ்வொரு கட்டத்தையும் எட்டாகப் பிரித்துக் கணித்துத்தான் அந்த 1024 வருகிறது. கணினிக்கு வேலையே இல்லை, அதனால் உங்கள் பழைய லேப்டாப் தாராளமாகப் போதும். அன்றைய சாதாரண வெப்கேம் நொடிக்கு 30 படம் அனுப்பி, அதைக் கணினி அலசி, அதற்குள் கை அடுத்த எழுத்துக்குப் போயிருக்கும். இன்றைக்கு வெப்கேம்கள் தேறிவிட்டன, அதைக் கடைசியில் பார்ப்போம்.

இப்போது ரிமோட். வீ 2006 நவம்பரில் வந்து, உலகம் முழுக்க பத்து கோடிக்கு மேல் விற்று, 2013-லிருந்து படிப்படியாக நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே பழையதுதான் வாங்க வேண்டும். சென்னைக்காரர் என்றால் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் கேட்டுப் பாருங்கள், வெளிநாட்டில் சொந்தக்காரர் இருந்தால் அவர் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்க வாய்ப்பு அதிகம். கேம் பெட்டி வேண்டாம், நன்சக் என்ற இடது கைப்பிடி வேண்டாம், சென்ஸார் பார் வேண்டாம், வெறும் ரிமோட் போதும். பட்டன் தேய்ந்து போயிருந்தால் கவலையில்லை, 1, 2 என்ற இரண்டு பட்டனும் அழுந்தினால் சரி. போலி ரிமோட் மட்டும் வேண்டவே வேண்டாம். பார்க்க அச்சு அசலாக இருக்கும், ஆட்டினால் விளையாட்டும் ஓடும், ஆனால் பலவற்றில் கேமரா மட்டமாக இருக்கும், நமக்கு வேண்டியதோ கேமரா மட்டும்தான். கடையில் நின்றபடியே சோதிக்க முடியுமென்றால் ஒரு டிவி ரிமோட்டைக் கையோடு கொண்டு போங்கள். லேப்டாப்பில் வீ ரிமோட்டை இணைத்துவிட்டு, எதிரே டிவி ரிமோட்டின் ஏதாவது ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் மென்பொருளில் ஒரு புள்ளி மினுக்கி மினுக்கித் தெரிய வேண்டும். தெரிந்தால் கேமரா உயிரோடு இருக்கிறது.

பேனாவுக்கு வருவோம். என் முதல் சொதப்பல் இங்கேதான். கடையில் "ஐ.ஆர். எல்.ஈ.டி." என்று கேட்டேன், தெளிவான கண்ணாடி மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள், வாங்கி வந்து சால்டர் செய்து சுவிட்சை அழுத்தினால் பளீரென்று வெள்ளையாக எரிகிறது! வெறும் டார்ச் லைட் எல்.ஈ.டி. வாங்கும்போதே பார்க்காமல் விட்டது என் தப்பு. அகச்சிவப்பு எல்.ஈ.டி. எரிந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, செல்போன் கேமரா வழியாகப் பார்த்தால் ஊதா கலந்த வெளிச்சமாகத் தெரியும். சில போன்களின் பின் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் பலமாக இருக்கும், அப்போது செல்ஃபி கேமராவில் பாருங்கள்.

கேட்டு வாங்க வேண்டியது 940 நானோமீட்டர் அலைநீளம் உள்ளது. இந்த வேலைக்கென்றே பேர் போன ஒன்று விஷே நிறுவனத்தின் டிஎஸ்ஏஎல் 6400. அது கிடைக்காவிட்டால் 940-ல், வெளிச்சம் அகலமாக விரியும் ரகமாக எதையாவது எடுங்கள், சில ரூபாய்தான், பத்தாக வாங்கிக்கொள்ளுங்கள், நிச்சயம் இரண்டு மூன்றைக் கருக்குவீர்கள். டிவி ரிமோட்டில் இருப்பது போலக் குறுகலாகக் குவிக்கும் எல்.ஈ.டி. என்றால், பேனாவைக் கொஞ்சம் திருப்பினாலும் புள்ளி மறைந்துவிடும். அதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு: எல்.ஈ.டி.யின் உருண்டைத் தலையை நைஸ் உப்புத்தாளில் தேய்த்துப் பனிமூட்டம் போல ஆக்கிவிடுங்கள், வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறும். தூரத்துக்குப் போகும் பலம் கொஞ்சம் குறையும், ஆனால் திரும்பினாலும் தெரியும். வகுப்புக்கு அதுதான் முக்கியம்.

மின்சாரம் எப்படி என்றால், டிஎஸ்ஏஎல் 6400 மாதிரி எல்.ஈ.டி.க்கு 100 மில்லிஆம்பியரில் 1.35 வோல்ட் போல வேண்டும். ஒரே ஒரு 1.5 வோல்ட் பென்சில் செல்லை நேரடியாகக் கொடுத்துவிடலாம், ரெசிஸ்டர் இல்லாமலே பலரும் அப்படித்தான் ஓட்டினார்கள், எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ரீசார்ஜ் செய்யும் செல் போட்டால் அது 1.2 வோல்ட், மங்கலாகத்தான் எரியும், அருகில் வேலை செய்து தூரத்தில் காலை வாரும், காரணம் புரியாமல் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். இரண்டு சாதாரண செல் போட்டு 3 வோல்ட் ஆக்கினால் நடுவில் 22 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, இரண்டு ரீசார்ஜ் செல் என்றால் 15 ஓம். இரண்டிலும் 70, 75 மில்லிஆம்பியர் கிடைக்கும், போதும். காசு மாதிரி இருக்கும் பட்டன் செல் வேண்டாம், இவ்வளவு மின்சாரம் அதால் தர முடியாது. எல்.ஈ.டி.யின் நீளக் கால் பாசிட்டிவ், மறந்தால் எரியாது, வேறு கேடு இல்லை. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்பதால் பிள்ளைகள் முகத்தருகே வைத்துக்கொண்டு "எரியுதா, எரியுதா" என்று உற்றுப் பார்ப்பார்கள், அதை மட்டும் முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

சுவிட்ச் விஷயத்தில்தான் என் இரண்டாவது பேனா தோற்றது. விரலால் அழுத்தும் பட்டனைப் பேனாவின் உடம்பில் வைத்திருந்தேன். எழுத வேண்டுமென்றால் பலகையில் முனையை வைத்து, பட்டனை அழுத்தி, இழுத்து, பட்டனை விட்டு, பிறகு முனையை எடுக்க வேண்டும். எனக்குப் பழகிவிட்டது. ஆனால் இருபது வருடம் சாக்பீஸ் பிடித்த கைக்கு அது வருமா? பலகையைத் தொடும் முன்பே அழுத்திவிடுவார்கள், காற்றில் போட்ட கோடெல்லாம் திரையில் வரும். "க" எழுதினால் நூல் கண்டு பிரிந்த மாதிரி இருக்கும். இரண்டு வாரத்தில் பேனா மேஜை டிராயருக்குள் போய்விட்டது. அதனால் சுவிட்ச் முனையிலேயே இருக்க வேண்டும், பலகையில் அழுத்தினால் எரிய வேண்டும், எடுத்தால் அணைய வேண்டும். தீர்ந்துபோன ஒயிட்போர்டு மார்க்கரின் கூட்டை எடுத்து, எல்.ஈ.டி.யைப் பழைய ரீஃபில் குழாய் ஒன்றின் நுனியில் ஒட்டி, குழாய் உள்ளே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் பின்னால் இருக்கும் சின்ன டாக்டைல் சுவிட்ச் (அழுத்தினால் 'டிக்' என்னும் குட்டி பட்டன்) அழுந்துகிற மாதிரி செய்தேன். முனையில் எல்.ஈ.டி. கூட்டுக்கு வெளியே முழுசாகத் துருத்திக்கொண்டிருக்க வேண்டும், கூட்டுக்குள் அமுங்கி இருந்தால் பக்கத்திலிருந்து பார்க்கும் கேமராவுக்குத் தெரியாது. இதை ஒரு சாயங்காலத்தில் முடிக்கலாம் என்று நினைத்தேன், மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது.

இனி இடம். ரிமோட்டை எங்கே மாட்டுவது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. கேமராவின் பார்வைக் கோணம் குறுகல். நேர் எதிரே வைத்தால், திரை எவ்வளவு அகலமோ அதைப் போல ஒன்றரை மடங்கு தூரமாவது தள்ளி வைத்தால்தான் முழுத் திரையும் அதற்குள் விழும். இரண்டு மீட்டர் அகலத் திரை என்றால் மூன்று மீட்டர். ஆனால் நேர் எதிரே வைத்தால் உங்கள் முதுகைத்தான் பார்க்கும். பேனா உங்கள் உடம்புக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிறது, வெளிச்சம் உடம்பைத் துளைத்துக்கொண்டு போகாது. ஆகவே பக்கவாட்டில், வலது கையால் எழுதுபவர் என்றால் அவருக்கு வலது புறமாக, திரைக்குச் சுமார் 45 டிகிரி சாய்வில் வைக்க வேண்டும் என்று நான் முதலில் நினைத்தேன். தப்பு. வலது கையால் எழுதும்போது உள்ளங்கையும் மடக்கிய விரல்களும் பேனாவின் வலது பக்கத்தைத்தான் மூடுகின்றன. இடது புறமும் கொஞ்சம் மேலேயும் இருந்து பார்த்தால்தான் முனை தெரியும், அதுவும் எழுதுபவர் திரையின் வலது பக்கமாக ஒதுங்கி நின்று கையை நீட்டி எழுதினால். கையெட்டா உயரம் நல்லது. தலைக்கு மேலிருந்து கீழ்நோக்கிப் பார்த்தால் உடம்பு மறைப்பது ரொம்பக் குறையும். ப்ரொஜெக்டர் கூரையில் தொங்குகிறது என்றால் அதே கம்பியில், ஆனால் இடது பக்கமாக ஒரு பட்டையை நீட்டி அதில் கட்டினேன், அதுதான் நிலைத்தது. இடது கைப் பழக்கமுள்ள ஆசிரியர் அதே வகுப்புக்கு வந்தால் திண்டாட்டம்தான். இதற்காகவே ஸ்மூத்போர்டு என்ற மென்பொருள் இரண்டு ரிமோட்டைச் சேர்த்து ஓட்ட வழி செய்தது, ஒன்றுக்கு மறைந்தால் மற்றது பார்க்கும்.

ரொம்பச் சாய்த்தும் வைக்கக் கூடாது. சாயச் சாயத் திரை கேமராவுக்கு ஒடுங்கித் தெரியும், அதன் 1024 கட்டங்களில் பாதி வீணாகும். மென்பொருள்கள் இதை ஒரு சதவீதமாகவே காட்டும், கேமராவின் பார்வையில் உங்கள் திரை எத்தனை பங்கை நிறைக்கிறது என்று. 50-க்குக் கீழே போனால் நான் இடத்தை மாற்றிவிடுவேன். கணக்குப் பாருங்கள்: இரண்டு மீட்டர் திரை, கேமராவில் குறுக்கே 700 கட்டம் கிடைக்கிறது என்றால் ஒரு கட்டம் சுவரில் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். கரும்பலகையில் எழுதும் அளவு எழுத்துக்கு இது போதும். பொடியாக எழுதினால் பல்லுப் பல்லாக வரும். ஆக, பெரிதாக எழுதப் பழக வேண்டும்.

சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழவழப்பான ஒயிட்போர்டு மேல் ப்ரொஜெக்ட் செய்தால் பேனா வெளிச்சம் அதில் பட்டுப் பளிச்சிட்டு கேமராவுக்கு இரண்டாவது புள்ளியாகத் தெரியலாம், மவுஸ் அங்கும் இங்கும் குதிக்கும். சுண்ணாம்பு மாதிரி மங்கல் வெள்ளை அடித்த சுவர் அருமை. மேலிருந்து சுருட்டி இறக்கும் திரை வேண்டவே வேண்டாம். நம்ம ஊர் வகுப்பறையில் ஃபேன் ஓடாமல் இருக்காது, ஃபேன் ஓடினால் திரை ஆடும், பேனாவை அழுத்தினால் உள்ளே போகும். அதே ஃபேனால் ப்ரொஜெக்டர் கம்பியும் லேசாக அதிர்ந்து மதியத்துக்குள் எல்லாம் ஒரு விரற்கடை தள்ளிப்போயிருக்கும், அந்தக் கம்பியைக் கூரையோடு இன்னொரு இடத்தில் முட்டுக் கொடுத்து இறுக்கிய பிறகுதான் நின்றது. வெயில் நேராக விழும் ஜன்னல், குண்டு பல்பு இரண்டும் எதிரி, அவற்றில் அகச்சிவப்பு கொட்டிக் கிடக்கிறது. டியூப்லைட், எல்.ஈ.டி. பல்பு பிரச்சினை இல்லை.

மாட்டியாயிற்று என்றால் கேலிபரேஷன். மென்பொருள் திரையின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு குறியாகக் காட்டும், பேனாவால் தொட வேண்டும், பத்து நொடி வேலை. உள்ளே நடப்பது என்ன என்பதுதான் எனக்கு இந்தத் திட்டத்திலேயே பிடித்த பகுதி. கேமரா சாய்வாகப் பார்ப்பதால் செவ்வகத் திரை அதற்குக் கோணல்மாணலான நாற்கரமாகத் தெரியும், பக்கத்து ஓரம் பெரிதாக, தூரத்து ஓரம் சிறிதாக. அந்த நாற்கரத்தை மறுபடி செவ்வகமாக விரிக்க எட்டு எண்கள் தெரிந்தால் போதும். ஒரு மூலையைத் தொட்டால் குறுக்கு, நெடுக்கு என்று இரண்டு சமன்பாடு கிடைக்கிறது. நான்கு மூலை, எட்டுச் சமன்பாடு, எட்டு எண்ணும் வந்துவிட்டது. அதனால்தான் நான்கு மூலை, மூன்றும் இல்லை ஐந்தும் இல்லை. இன்னொன்று: திரையின் நடுப்புள்ளி கேமராவில் எங்கே விழும்? நான்கு மூலைகளின் சராசரியில் என்று பிள்ளைகள் சொல்வார்கள், இல்லை, மூலைவிட்டங்கள் இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில். நேர்க்கோடு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நேர்க்கோடுதானே. நீளமான வராந்தாவில் பதித்த டைல்ஸைப் போட்டோ எடுத்து அதில் கோடு போட்டுக் காட்டினால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். கணக்கு வாத்தியார் ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவருக்கு ஒரு வாரத்துக்கான பாடம் இதில் இருக்கிறது.

ஒரே நிபந்தனை: மூலையைத் தொட்ட பிறகு ரிமோட்டோ ப்ரொஜெக்டரோ ஒரு இம்மி நகரக் கூடாது. நகர்ந்தால் மறுபடி நான்கு மூலை.

ப்ளூடூத் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ரிமோட்டில் 1, 2 இரண்டையும் சேர்த்து அழுத்தினால், அல்லது பேட்டரி மூடிக்குள் இருக்கும் சிவப்பு பட்டனை அழுத்தினால், கீழே நான்கு நீல விளக்குகள் மினுக்கும், அப்போது லேப்டாப் அதைக் கண்டுபிடிக்கும். விண்டோஸில் ரகசிய எண் கேட்டால் ஒன்றும் போடாமல் தாண்டிப்போகப் பாருங்கள். பழைய விண்டோஸ் 7 லேப்டாப்பில் இது எனக்குச் சிக்கலில்லாமல் நடந்தது. புதியவற்றில் ஒவ்வொரு தடவை அணைத்துப் போட்டதும் ரிமோட்டை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது, காலை முதல் பீரியடில் இதைச் செய்யச் சொன்னால் எந்த ஆசிரியரும் கும்பிடு போட்டுவிடுவார். ரிமோட்டின் பெயர் கடைசியில் "டி.ஆர்." என்று முடிந்தால் அது பிந்தி வந்த ரகம், பழைய நிரல்கள் சிலவற்றோடு ஒத்துப்போகாது. என் யோசனை, பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுவிடுங்கள். 2011-ல் வந்த 3.1-லிருந்தே லினக்ஸின் அடிப்படைப் பகுதியான கெர்னலில் வீ ரிமோட்டோடு பேசுவதற்கான நிரல் (டிரைவர்) உள்ளேயே இருக்கிறது. ஆனால் ரிமோட்டின் புள்ளியை மவுஸாக மாற்றும் பைதான்-ஒயிட்போர்டு போன்ற அந்தக் காலத்து நிரல்களை இன்றைய லினக்ஸில் ஓட்டக் கொஞ்சம் கை பழகியவர் ஒருவர் பக்கத்தில் வேண்டும், பழைய பதிப்பு லினக்ஸை அப்படியே போட்டு இணையத்தோடு இணைக்காமல் வைத்துக்கொள்வது இன்னும் எளிது. எழுதுவதற்கு ஓபன்போர்டு போதும், இலவசம், சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஒரு மென்பொருளின் வழி வந்தது, வகுப்புக்காகவே செய்தது. தமிழில் கையால் எழுதலாம், படம் ஒட்டலாம், பக்கம் பக்கமாகச் சேமித்து மறுநாள் திறக்கலாம்.

நான்கு புள்ளி பார்க்கிறதே, நாலு பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுதலாமா என்று கேட்பீர்கள். கேமரா பார்க்கும், ஆனால் கணினிக்கு மவுஸ் ஒன்றுதான். இரண்டு பேனாவைப் புரிந்துகொள்கிற மாதிரி தனியாக எழுதிய நிரலில்தான் அது நடக்கும். வகுப்பில் இரண்டு பேர் இரண்டு பேனாவோடு நின்றால் மவுஸ் இருவருக்கும் நடுவில் பேய் பிடித்த மாதிரி ஓடும். ஒரே ஒரு பேனாவை மட்டும் வெளியே வையுங்கள்.

இப்போது நேர்மையான பதில். இதைச் செய்யலாமா? ரிமோட் சும்மா கிடைக்கிறது, அல்லது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ப்ரொஜெக்டர் ஒரே இடத்தில் நிலையாக மாட்டியிருக்கிறது, பள்ளியில் சால்டரிங் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். ப்ரொஜெக்டரை வகுப்புக்கு வகுப்பு தூக்கிக்கொண்டு போகிற பள்ளி என்றால் வேண்டாம், ஒவ்வொரு வகுப்பிலும் ரிமோட்டுக்கு இடம் தேடிக்கொண்டிருக்க முடியாது. உங்களுக்கு வேண்டியது திரையில் எழுதுவது மட்டும்தான், சுவரில் நின்றுதான் எழுத வேண்டும் என்று இல்லை என்றால், லேப்டாப்பில் செருகும் விலை குறைந்த பேனா டேப்லெட் ஒன்றை வாங்கி, பிள்ளைகளைப் பார்த்தபடி உட்கார்ந்து எழுதுங்கள். நிழல் விழாது, கேலிபரேஷன் கிடையாது, ப்ளூடூத் சண்டை கிடையாது. பழைய ரிமோட்டைச் சேகரிப்பாளர் விலை கொடுத்து வாங்குவதைவிட அது நூறு மடங்கு புத்தி. வெப்கேமை உடைத்து அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டரைக் கழற்றி, முன்னால் வெளிச்சம் பட்டுக் கருத்த பழைய பிலிம் நெகட்டிவ் துண்டை ஒட்டினாலும் அது அகச்சிவப்புக் கேமரா ஆகிவிடும். ஆனால் நிரலை நீங்களே எழுத வேண்டியிருக்கும், பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் அவர்களுக்கு நல்ல வேலை.

பிள்ளைகள் கையால் தொட்டு எழுதுவதுதான் நோக்கம் என்றால் மட்டும் எனக்கு இதற்கு ஈடாக மலிவாக வேறொன்றும் தோன்றவில்லை. சுவரில் இருக்கும் முக்கோணத்தின் உச்சியைப் பிடித்து இழுத்து, கோணங்கள் மாறுவதைப் பார்த்த ஒரு பையன், பேனாவைக் கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்து மதிய உணவு மணி அடித்த பிறகும் நின்றுகொண்டிருந்தான்.

செய்வது என்று முடிவு செய்தால், ரிமோட் வாங்கும் முன்பே ஒரு சோதனை செய்துவிடுங்கள், காசு செலவில்லை. ரிமோட் மாட்டலாம் என்று நினைக்கும் இடத்தில் ஸ்டூல் மேல் ஒருவரை ஏற்றி, கையில் செல்போனைக் கொடுத்து, இரண்டு மடங்கு ஜூம் வைத்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள் (போன் கேமராவின் பார்வை வீ ரிமோட்டை விட அகலம், அதனால் ஜூம்). எழுதப்போகிற ஆசிரியரையே சாதாரண மார்க்கரோடு சுவரின் முன் நிறுத்தி, நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு வரி எழுதுவது போலச் செய்யச் சொல்லுங்கள். வீடியோவை ஓட்டிப் பாருங்கள். நான்கு மூலையும் சட்டத்துக்குள் வருகிறதா, எழுதும் நேரம் முழுக்க மார்க்கரின் முனை தெரிகிறதா? தெரியாவிட்டால் ஸ்டூலை நகர்த்தி இன்னொரு தடவை எடுங்கள். எந்த இடத்தில் முனை கடைசிவரை மறையாமல் இருக்கிறதோ, ஆணியை அங்கே அடியுங்கள்.